ஆயிரம் மணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்

கார்பன் டை ஆக்சைடை மெத்தனாலாக மாற்றும் வினையூக்கிகள் பற்றிய கட்டுரைகளை வெளியிடும் ஆய்விதழ்களின் ஆசிரியர்களுக்கும், அவற்றை ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு சொல்லும் மதிப்பாய்வாளர்களுக்கும், இந்தத் துறைக்கு நிதி ஒதுக்கும் குழுக்களுக்கும்,

வணக்கம்.

வினையூக்கிகளைச் சோதித்துப் பார்ப்பது என் தொழில். கட்டுரையில் வந்த ஒரு செய்முறையை எடுத்து, அதன்படியே பொடியைத் தயாரித்து, அழுத்த உலையில் நிரப்பி, வாரக்கணக்கில் ஓடவிட்டு, கடைசியில் அது என்ன ஆனது என்று பார்ப்போம். அந்த இடத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன். உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. ஒரு வினையூக்கி நல்லது என்று அச்சேறும் முன், அது எவ்வளவு காலம் உழைத்தது, எவ்வளவு தண்ணீரைத் தாங்கியது என்று கேளுங்கள். பதில் இல்லை என்றால், 'நிலையானது', 'தொழில்துறைக்கு ஏற்றது' என்ற சொற்களை அந்தக் கட்டுரையிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

தண்ணீரைப் பற்றி ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகளும் சேர்ந்தால் ஒரு மெத்தனாலும் ஒரு தண்ணீரும் கிடைக்கும். எடையில் சொன்னால், ஒரு டன் மெத்தனாலுக்குக் குறைந்தது 1.375 டன் கார்பன் டை ஆக்சைடும் சுமார் 188 கிலோ ஹைட்ரஜனும் வேண்டும். கூடவே 560 கிலோவுக்கு மேல் தண்ணீர் வரும். அந்த ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து மின்னாற்பகுப்பில் எடுத்தால் கிலோவுக்கு 50 கிலோவாட் மணிக்குக் குறையாமல் மின்சாரம் போகும். ஆக ஒரு டன் மெத்தனாலுக்கு 9,000 கிலோவாட் மணிக்கு மேல். கையில் கிடைக்கும் மெத்தனாலில் இருக்கும் ஆற்றலோ 5,500 கிலோவாட் மணி அளவுதான். இவ்வளவு கொடுத்து வாங்கிய ஹைட்ரஜனை, பாதி செத்துப்போன வினையூக்கியின் மேல் ஓட்டுவது யாருக்கும் கட்டுப்படியாகாது.

இந்த வேதிவினை புதிதும் அல்ல. 1923-இல் பிஏஎஸ்எஃப் நிறுவனம் துத்தநாக ஆக்சைடும் குரோமியம் ஆக்சைடும் கலந்த வினையூக்கியை வைத்து, 300 பார் அளவு அழுத்தத்தில் மெத்தனால் தயாரிக்கத் தொடங்கியது. 1966-இல் ஐசிஐ நிறுவனம் செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா மூன்றும் சேர்ந்த வினையூக்கியைக் கொண்டுவந்து, அழுத்தத்தை 50 பார் அளவுக்கு இறக்கியது. அப்போது உலைக்குள் போனது கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் மூன்றும் கலந்த வாயு. மெத்தனாலில் இருக்கும் கார்பன், மோனாக்சைடிலிருந்து வருகிறது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1987-இல் ஐசிஐ ஆய்வாளர்கள் கதிரியக்கக் கார்பன்-14 ஐசோடோப்பை அடையாளமாகப் போட்டுப் பார்த்து, அந்தக் கார்பனின் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடிலிருந்துதான் வருகிறது என்று காட்டினார்கள். செம்பு வினையூக்கி இந்த வேலையை ஆரம்பத்திலிருந்தே செய்துகொண்டிருந்திருக்கிறது.

அப்படியானால் மோனாக்சைடை நிறுத்திவிட்டு, அதே வினையூக்கியின் மேல் வெறும் கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜனையும் விட்டால் போதாதா? விடலாம், ஓடவும் செய்யும். ஆனால் பழைய கலவையில் மோனாக்சைடு பார்த்துவந்த ஒரு வேலை நின்றுபோகும். வினையில் உண்டாகும் தண்ணீரை அது எடுத்துக்கொண்டு, ஹைட்ரஜனாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு மெத்தனாலுக்கும் ஒரு தண்ணீர் வரும். பக்கவினையில் பிறக்கும் ஒவ்வொரு மோனாக்சைடுக்கும் இன்னொரு தண்ணீர் வரும். உலையில் வினையூக்கி நிரப்பிய படுகையின் கடைசிப் பகுதியில் இருக்கும் துகள்கள் நாள் முழுக்க 200 டிகிரிக்கு மேல் நீராவியில் நிற்கும்.

நீராவி இரண்டு விதத்தில் கெடுக்கிறது. ஒன்று, வினை நடக்கும் இடங்களில் உட்கார்ந்துகொண்டு வேகத்தைக் குறைக்கிறது. இதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஏனென்றால் தண்ணீரைக் குறைத்தால் வேகம் திரும்பி வரும். இன்னொன்று திரும்பி வராத சேதம். செம்பின் உருகுநிலை 1085 டிகிரி. கெல்வினில் கணக்கிட்டு அதில் 30 சதவீதத்தைத் தொட்டாலே மேற்பரப்பு அணுக்கள் நகரத் தொடங்கும் என்பது நம் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கைக்கணக்கு. செம்புக்கு அது 134 டிகிரி செல்சியஸ். நாம் அதை 230, 250 டிகிரியில் ஓட்டுகிறோம். இடையில் இருக்கும் துத்தநாக ஆக்சைடுதான் செம்புத் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து வைத்திருக்கிறது. நீராவி பட்டால் அந்தத் துத்தநாக ஆக்சைடே படிகமாகத் திரண்டு ஒதுங்கிக்கொள்கிறது. பிறகு செம்புத் துகள்கள் சேர்ந்து பருக்கின்றன. துத்தநாகம் தடுப்பாக மட்டும் நிற்கவில்லை, வினை நடக்கும் இடத்திலேயே அதற்கும் பங்கு உண்டு என்பதை 2012-க்குப் பிறகு வந்த பல ஆய்வுகள் நன்றாகவே காட்டியிருக்கின்றன. ஆகவே அது விலகும்போது வினையூக்கி இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது.

இதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு மறக்காது. செம்பு, துத்தநாக நைட்ரேட்டுக் கரைசலோடு சோடியம் கார்பனேட்டைச் சேர்த்து, 65 டிகிரி வாக்கில், அமிலத்தன்மை ஏறக்குறைய நடுநிலையில் இருக்கும்படி வீழ்படிவாக்கினால் முதலில் நீல நிறத்தில் கூழ் மாதிரி ஒன்று வரும். அப்படியே கலக்கிக்கொண்டு காத்திருந்தால், சிறிது நேரத்தில் திடீரென்று நீலம் பச்சைக்குத் திரும்பும். அமிலத்தன்மையைக் காட்டும் pH எண் சற்றே சரியும். அந்தக் கட்டத்தில்தான் துத்தநாகம் ஏறிய மேலக்கைட் என்ற பச்சைச் செம்புக் கார்பனேட் உருவாகிறது. கடைசியில் செம்பும் துத்தநாகமும் எவ்வளவு நெருக்கமாகக் கலந்திருக்கும் என்பதை அந்தச் சில நிமிடங்கள் தீர்மானிக்கின்றன. கழுவி, உலர்த்தி, சுட்டு, ஹைட்ரஜனில் மெதுவாக ஒடுக்கினால், அதாவது ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை நீக்கினால், பத்து நானோமீட்டர் அளவில் செம்புத் துகள்கள் கிடைக்கும். இவ்வளவு கவனமாகச் செய்த அதே பொடியை, சில வாரம் ஓடிய பிறகு உலையிலிருந்து கொட்டி எக்ஸ்-கதிரில் வைத்தால், தொடக்கத்தில் அகலமாகப் படுத்திருந்த செம்பின் முகடுகள் ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும். துகள்கள் பருத்துவிட்டன என்று அர்த்தம். பல கட்டுரைகளில் ஓட்டத்துக்கு முந்தைய படம் மட்டும் இருக்கிறது. பிந்தைய படத்தைக் காணோம்.

தயாரிப்பைத் தாண்டி, நான் கட்டுரைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறைகளுக்கு வருகிறேன்.

முதலில் தேர்வுத்திறன், அதாவது மாறிய கார்பன் டை ஆக்சைடில் மெத்தனாலாக ஆன பங்கு. 'மெத்தனால் தேர்வுத்திறன் 95 சதவீதம்' என்று சுருக்கத்தில் வரும். உள்ளே தேடினால் மாற்ற விகிதம், அதாவது உலைக்குள் போன கார்பன் டை ஆக்சைடில் மாறிய பங்கு, 1 சதவீதம், 2 சதவீதம் என்று இருக்கும். வாயுவை மிக வேகமாக ஓட்டினால், மெத்தனால் உண்டான கையோடு வெளியே வந்துவிடும், மோனாக்சைடாகச் சிதைய அதற்கு நேரம் இருக்காது. தண்ணீரும் அவ்வளவாகச் சேராது. அந்த எண் பொய் அல்ல. ஆனால் அதை 10 சதவீதம் மாற்றம் காட்டிய இன்னொரு வினையூக்கியின் தேர்வுத்திறனோடு ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போடுவது சரியில்லை. ஒப்பிட வேண்டும் என்றால் ஒரே மாற்ற விகிதத்தில் ஒப்பிட வேண்டும். இது பாடப்புத்தகத்தில் இருக்கும் விதி. ஆனாலும் அப்படிப்பட்ட அட்டவணைகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான குறை ஒன்று உண்டு, அது இன்னும் ஆபத்தானது. இந்த வினை வெப்பத்தை வெளியிடுவது. ஒரு மோல் மெத்தனாலுக்கு 49.5 கிலோஜூல். அதனால் வெப்பநிலை ஏற ஏறச் சமநிலை, அதாவது வினை எவ்வளவு தூரம் போய் நிற்கும் என்ற எல்லை, நமக்கு எதிராகப் போகும். 250 டிகிரி, 50 பாரில், ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடுக்கு மூன்று பங்கு ஹைட்ரஜன் என்ற கலவையில், எவ்வளவு சிறந்த வினையூக்கியாக இருந்தாலும் ஒரே ஓட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு கார்பன் டை ஆக்சைடுதான் மாறும். இப்போது ஒருவர் தேவைக்கு மேல் வினையூக்கியை நிரப்பி, சமநிலையைத் தொட்டபடி ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் செய்யும் வேலைக்கு நாற்பது பேரை நிறுத்தினால், இருபது பேர் தூங்கினாலும் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். படுகையில் பாதி செத்தாலும் வெளியே வரும் எண் மாறாது. நேர்க்கோடாக ஒரு வரைபடம் வரும், '100 மணி நேரம் நிலையாக இருந்தது' என்று கீழே எழுதப்படும். அந்தக் கோடு வினையூக்கியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வெப்ப இயக்கவியலைத்தான் சொல்கிறது.

ஆகவே நிலைத்தன்மையைச் சமநிலைக்கு வெகு கீழே, வேகத்தை அளக்க முடிகிற இடத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். தேர்வுத்திறனைத் தொழிற்சாலைக்கு அருகில் இருக்கும் மாற்ற விகிதத்தில் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே கட்டுரையில் வேண்டும்.

அடுத்தது அளவீடு. வினை நடக்கும்போது நான்கு மூலக்கூறுகள் இரண்டாகச் சுருங்குகின்றன. உள்ளே போன வாயுவின் அளவும் வெளியே வரும் வாயுவின் அளவும் ஒன்றல்ல. ஆர்கானோ நைட்ரஜனோ கொஞ்சம் கலந்து, அதை அளவுகோலாக வைத்துத்தான் மாற்ற விகிதத்தைக் கணக்கிட வேண்டும். இதைச் செய்யாமல் செறிவுகளை மட்டும் கழித்து எழுதிய கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். உலையிலிருந்து, வாயுக்களைப் பிரித்து அளக்கும் கருவியான கேஸ் குரோமட்டோகிராஃபுக்குப் போகும் குழாய் முழுவதும் சூடாக இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். ஒரு வால்வு, ஒரு இணைப்பு குளிர்ந்திருந்தால் போதும், மெத்தனாலும் தண்ணீரும் அங்கேயே படிந்துவிடும். மெத்தனால் குறைவாகத் தெரியும், மோனாக்சைடு பங்கு அதிகமாகத் தெரியும். சில மணி நேரம் கழித்து அது மொத்தமாக ஆவியாகி வரும்போது வினையூக்கி திடீரென்று சிறப்பாகிவிட்டது போலத் தோன்றும். கார்பன் கணக்கை, அதாவது உள்ளே போன கார்பன் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்பதை ஒவ்வொரு புள்ளிக்கும் போட்டால் இது உடனே பிடிபடும். அந்தக் கணக்கு இல்லாத கட்டுரையை மதிப்பாய்வுக்கே அனுப்பாதீர்கள் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வெறும் உலையை, வினையூக்கி இல்லாமல், அதே நிலைமையில் ஒரு நாள் ஓட்டிக் காட்டவும் சொல்ல வேண்டும். மோனாக்சைடு இருக்கும் இடத்தில் எஃகுக் குழாய்களிலிருந்து இரும்பும் நிக்கலும் கார்பனைல் சேர்மங்களாகக் கழன்று வந்து வினையூக்கியின் மேல் படிவது உண்டு. இரும்பும் நிக்கலும் மீத்தேனை உண்டாக்கும். அந்த மீத்தேனைப் பாவம் அந்த வினையூக்கியின் தலையில் கட்டிவிடுகிறோம்.

மீத்தேன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டுரைகளில் மோனாக்சைடையும் மீத்தேனையும் 'பக்கவிளைபொருள்' என்று ஒரே கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். ஆலையில் இரண்டும் ஒன்றல்ல. மாறாத வாயுவைத் திரும்பத் திரும்ப உலைக்கே சுற்றிவிடுவார்கள். மோனாக்சைடும் அதோடு சுற்றும், ஒரு அளவுக்குச் சேர்ந்ததும் அதற்கு மேல் அதிகமாகாது, பிறகு அதுவும் மெத்தனாலாகிவிடும். அது இழப்பே அல்ல, தண்ணீரைக் கொஞ்சம் வாங்கிக்கொள்வதால் உதவியும்கூட. மீத்தேன் அப்படி இல்லை. அது எதுவாகவும் மாறாது, சுற்றில் சேர்ந்துகொண்டே போகும். அதை வெளியேற்றும்போது விலை கொடுத்து வாங்கிய ஹைட்ரஜனும் கூடவே வெளியே போகும். என் பார்வையில் 30 சதவீதம் மோனாக்சைடு தரும் வினையூக்கியைவிட 3 சதவீதம் மீத்தேன் தரும் வினையூக்கி மோசமானது. நம் கட்டுரைகள் இளைஞர்களுக்கு இதற்கு நேர்மாறாகவே சொல்லிக்கொடுக்கின்றன.

இன்னொன்று, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. 'வணிக வினையூக்கியைவிட மூன்று மடங்கு' என்று எழுதும்போது, அந்த வணிக வினையூக்கியை யார், எப்படி ஒடுக்கினார்கள் என்று கேளுங்கள். செம்பு ஆக்சைடை ஒடுக்குவது கடும் வெப்பம் தரும் வேலை. நீர்த்த ஹைட்ரஜனில் நிதானமாகச் செய்யாவிட்டால், ஓடத் தொடங்கும் முன்பே துகள்கள் ஒட்டிக்கொள்ளும். புதுப் பொடிக்கு ஏற்ற 320 டிகிரியில் வைத்து, 250 டிகிரிக்கென்றே செய்த செம்பு வினையூக்கியை 'தோற்கடித்த' கட்டுரைகளும் உண்டு. ஒவ்வொன்றையும் அதற்குத் தோதான வெப்பநிலையில், அதே உலையில், அதே கைகள் ஓட்டிப் பார்த்தால்தான் ஒப்பீடு.

அப்புறம் வாயு. சோதனைக்கூடத்தில் சிலிண்டரிலிருந்து வருவது மிகச் சுத்தமானது. ஆலையின் புகைபோக்கியிலிருந்தும் சாண எரிவாயுவிலிருந்தும் பிரித்தெடுக்கும் கார்பன் டை ஆக்சைடு அப்படி இருக்காது. கந்தகமும் குளோரினும் செம்புக்கு நஞ்சு. வாயுவில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கும் கீழே வைத்திருக்க ஆலைகள் எவ்வளவோ பாடுபடுகின்றன. எல்லாக் கட்டுரையிலும் கந்தகத்தைச் சோதிக்கச் சொல்லவில்லை. ஆனால் 'புகையிலிருந்து நேரடியாக' என்று தலைப்பு வைத்தால் புகையைக் காட்ட வேண்டும்.

இதெல்லாம் நடக்காத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது, செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 2016-இல் சூரிக்கின் இடிஎச் பல்கலைக்கழகக் குழு, ஸிர்கோனியாவின் மேல் இண்டியம் ஆக்சைடை ஏற்றி, 300 டிகிரியில் 1,000 மணி நேரம் ஓட்டிய முடிவை வெளியிட்டது. 2017-இல் சீனாவின் டாலியன் குழு துத்தநாக ஆக்சைடும் ஸிர்கோனியாவும் சேர்ந்த திண்மக் கரைசலை 500 மணி நேரம் ஓட்டியது. கந்தகச் சேர்மங்கள் கலந்த வாயுவிலும் அது தாக்குப்பிடிப்பதைக் காட்டியது. மாற்ற விகிதம் 10 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போதே தேர்வுத்திறன் 86 முதல் 91 சதவீதம். 2021-இல் கந்தகம் விடுபட்ட இடங்களைக் கொண்ட மாலிப்டினம் டை சல்பைடு, 180 டிகிரியில் 12.5 சதவீதம் மாற்றமும் 94.3 சதவீதம் தேர்வுத்திறனும் காட்டி, 3,000 மணி நேரம் ஓடியது. இவற்றிலும் கேள்விகள் இல்லாமல் இல்லை. 300 டிகிரிக்கு மேல் சமநிலை நம் பக்கம் இல்லை. இண்டியம் துத்தநாகச் சுரங்கத்தின் துணைப்பொருளாகக் கிடைப்பது, தொலைக்காட்சி, கைபேசித் திரைகளுக்கும் அதுவே வேண்டும். ஆனால் அந்தக் கேள்விகளை நம்மால் கேட்க முடிவதே, அவர்கள் ஆயுளைத் திறந்து வைத்ததால்தான். அந்த மூன்று கட்டுரைகளுக்கும் என் மரியாதை அதற்காகவே.

மறுபக்கம் ஆலைகள் காத்திருக்கவில்லை. ஐஸ்லாந்தின் ஸ்வார்ட்செங்கியில், வேதியியல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஓலாவின் பெயரைத் தாங்கிய ஆலை 2012 வாக்கில் ஓடத் தொடங்கியது, 2015-இல் அதன் திறன் ஆண்டுக்கு 4,000 டன்னாக உயர்ந்தது. சீனாவின் ஆன்யாங்கில் 2022-இல் 1,10,000 டன் ஆலை வந்தது. டென்மார்க்கின் காசோவில் 2025-இல் 42,000 டன் ஆலை திறக்கப்பட்டது. மெத்தனாலில் ஓடும் சரக்குக் கப்பல்கள் கடலில் இறங்கிவிட்டன. வணிக அளவில் நம்பி நிரப்புவது இன்னும் பெரும்பாலும் செம்பு-துத்தநாகக் குடும்பத்தைத்தான், ஏனென்றால் அது மூன்று, நான்கு ஆண்டுகள் உழைக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. நூற்றுக்கணக்கான புதுப் பொடிகளில் எதற்கு அப்படிச் சான்று உண்டு? காற்றும் வெயிலும் தரும் மின்சாரம் ஏறி இறங்கும். அதற்கேற்ப ஹைட்ரஜனும் ஏறி இறங்கும். உலையை நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டிவரும். அந்த நிறுத்தங்களில் வினையூக்கி என்ன ஆகிறது என்று அளந்த கட்டுரைகள் இன்னும் குறைவு.

ஒரு சம்பவம் சொல்கிறேன். பலரும் மேற்கோள் காட்டும் ஒரு கட்டுரையின் வினையூக்கியை எங்கள் கூடத்தில் தயாரித்தோம். முதல் நாள் எண்கள் கட்டுரையில் இருந்தபடியே வந்தன, எல்லோருக்கும் மகிழ்ச்சி. கட்டுரை முதல் இரண்டு நாளோடு நின்றிருந்தது. நாங்கள் நிறுத்தவில்லை. முதல் வாரம் முடிவதற்குள் வேகம் பாதிக்கும் கீழே போய்விட்டது. அதை எழுதி அனுப்பினோம். 'புதுமை போதவில்லை' என்று ஒரே வரியில் திரும்பி வந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் தவறாக எதுவும் எழுதவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் என்று வெளிப்படையாகத்தான் எழுதியிருந்தார்கள். மூன்றாம் நாளை யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. இன்று வேறெங்கோ ஒரு மாணவர் அதே பொடியைத் தயாரித்து, அதே ஏமாற்றத்தை முதலிலிருந்து அடைந்துகொண்டிருப்பார். இப்போது கட்டுரைகளின் எண்களைத் திரட்டிக் கணினிக்குக் கற்றுக்கொடுத்து, அடுத்த வினையூக்கியைத் தேடச் சொல்கிறார்கள். வென்ற எண்களை மட்டும் ஊட்டினால் அது எப்படித் தோல்வியைக் கணிக்கும்?

சிறிய கூடங்களால் ஆயிரம் மணி நேரம் ஓட்ட முடியாது என்ற எதிர்வாதம் வரும். அது நியாயமானது. ஆயிரம் மணி என்றால் ஏறக்குறைய ஆறு வாரம். ஒரே ஒரு உலை வைத்திருக்கும் குழுவில் அது மற்ற எல்லோருடைய வேலையையும் நிறுத்திவிடும். இரவில் ஹைட்ரஜனை அழுத்தத்தில் ஓடவிட எல்லா இடத்திலும் அனுமதியும் கிடைக்காது. வினை எப்படி நடக்கிறது என்று ஆராயும் கட்டுரைக்கு ஆயிரம் மணி தேவையும் இல்லை. அவர்கள் நிலைத்தன்மையைப் பற்றிப் பேசாமல் இருந்தால் போதும். பேச விரும்புகிறவர்களுக்குக் குறுக்கு வழி ஒன்று உண்டு. ஒரு குறிப்பு நிலையில் வேகத்தை அளக்கவும். பிறகு வெப்பநிலையை ஏற்றி, உள்ளே வரும் வாயுவிலேயே நீராவியைக் கலந்து, இரண்டு மூன்று நாள் வாட்டவும். அதன் பிறகு அதே குறிப்பு நிலைக்குத் திரும்பி வந்து மறுபடி அளக்கவும். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் நிறையச் சொல்லிவிடும். ஆலையில் நாலு வருடம் ஓடியதற்கு அது ஈடாகாதுதான். ஆனால் 20 மணி நேர நேர்க்கோட்டைவிட எத்தனையோ மேல்.

மற்ற துறைகள் இதைச் செய்துவிட்டன. சூரிய மின்கலங்களில் எண்கள் தாறுமாறாக வந்தபோது, நேச்சர் குழும இதழ்கள் 2015-இல் ஒரு சரிபார்ப்புப் பட்டியலைக் கட்டாயமாக்கின. பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளால் ஆன சூரிய மின்கலங்களின் ஆயுளை எப்படிச் சோதிப்பது, எப்படி எழுதுவது என்று 2020-இல் பலர் சேர்ந்து ஓர் உடன்பாட்டை வெளியிட்டார்கள். மின்னாற்றலால் நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் துறையில், கிடைத்த அம்மோனியா காற்றிலிருந்தும் கையுறையிலிருந்தும் வந்த அழுக்காகவே இருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது. 2019-இல் நைட்ரஜன்-15 ஐசோடோப்பை வைத்து உறுதிசெய்யும் நடைமுறையை வகுத்தார்கள். நம் துறையிலும் ஒளியையோ மின்சாரத்தையோ கொண்டு மெத்தனால் எடுப்பவர்கள், மிகச் சிறிய அளவுகளை அறிவிக்கும்போது, கார்பன்-13 கொண்ட கார்பன் டை ஆக்சைடால் அதை உறுதிசெய்ய வேண்டும். வினையூக்கியைத் தயாரிக்கும்போது ஒட்டிய கரைப்பானே மெத்தனாலாகத் தெரியலாம். இதில் விவாதத்துக்கு இடமில்லை என்று நினைக்கிறேன்.

நிதிக் குழுக்களிடம் தனியாக ஒன்று. மூன்று ஆண்டுத் திட்டத்தில் ஒவ்வொரு ஆண்டும் புதுப் பொருள் வேண்டும் என்று எழுதிவைத்தால், ஒரு பொருளை ஆறு வாரம் ஓட்டும் மாணவர் பின்தங்கிவிடுவார். அவரைப் பின்தங்க வைப்பது அந்த நிபந்தனை. பல உலைகளை ஒன்றாக, ஆள் இல்லாத இரவிலும் பாதுகாப்பாக ஓட்டக்கூடிய பொதுச் சோதனை மையங்களுக்குப் பணம் கொடுங்கள். எந்தக் குழுவும் தன் பொடியில் சில கிராமை அங்கே அனுப்பலாம், ஒரே முறையில் ஓடி, முடிவு நல்லதோ கெட்டதோ வெளியாகும் என்று இருக்கட்டும். ஒரே வினையூக்கியைப் பத்துக் கூடங்களுக்கு அனுப்பி, பத்து எண்களும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன என்று பார்க்கும் வேலைக்கும் ஒதுக்குங்கள். அதற்கு ஆகும் செலவு, தவறான பொடியின் பின்னால் போகும் ஆண்டுகளைவிடக் குறைவு.

ஆசிரியர்களே, உங்கள் வழிகாட்டுக் குறிப்பில் ஒரு பக்கம் சேர்த்தால் போதும். அளவுகோல் வாயு, ஒவ்வொரு புள்ளிக்கும் கார்பன் கணக்கு, வெற்று உலையின் ஓட்டம், சமநிலையிலிருந்து எவ்வளவு தொலைவு, ஓட்டத்துக்குப் பிந்தைய எக்ஸ்-கதிர் படம் ஆகியவை இல்லாத கட்டுரையைத் திருத்தத்துக்குத் திருப்பி அனுப்புங்கள். செயலிழப்பைப் பற்றிய கட்டுரைகளுக்கு, ஒரு வினையூக்கி ஏன், எப்படிச் செத்தது என்று கவனமாகச் சொல்லும் கட்டுரைகளுக்கு, இதழில் நிரந்தரமாக ஒரு பகுதி ஒதுக்குங்கள். மதிப்பாய்வாளர்களே, அந்தக் குறிப்பு வரும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை உங்கள் மேசைக்கு வரும் கட்டுரையில் நேர்க்கோடாக ஒரு வரைபடம் இருந்தால், அதே நிலைமையில் சமநிலை மாற்ற விகிதம் எவ்வளவு என்று அந்த வரைபடத்திலேயே ஒரு கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு அவர்களுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

இப்படிக்கு,
வினையூக்கிச் சோதனைக்கூடம் ஒன்றில் பணிபுரியும் ஒருவன்